ஆற்றில் விட்ட ஏடும் பூட்டி வைத்த நூலும்

பள்ளி நூலகத்தில் காலம் கடந்த நூலை வைத்திருப்பதா, கழித்துவிடுவதா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. ஏட்டுச்சுவடிக் காலத்தில் கழிப்பதற்கு முறை இருந்தது. கழித்த ஏட்டின் இன்னொரு படி எங்கேனும் இருக்கிறதா என்று பார்க்கும் ஏற்பாடு இல்லை. அச்சுக் காலத்தில் காப்பதற்குச் சட்டம் வந்தது. பள்ளிகளிலோ கழிக்கும் வழக்கமே அருகிவிட்டது. முன்னதால் இலக்கியங்கள் அழிந்தன. பின்னதால் பள்ளிப் பிள்ளைகள் பயனற்ற நூல்களின் முன்னே நிற்க நேர்ந்தது.

ஏட்டுக் காலம்

பனையோலை நெடுங்காலம் நிற்கும் பொருள் அன்று. ஈரமும் செல்லும் இராமபாணப் பூச்சியும் அதை அரிக்கும், ஓரம் ஒடியும், துளையிட்ட இடம் கிழியும். ஆகவே ஏடு வைத்திருந்தவர்கள் அதைக் காலந்தோறும் படியெடுத்துப் புதுப்பித்தார்கள். புதிய படி எழுதி முடிந்ததும் பழைய ஏட்டை நெருப்பிலோ நீரிலோ சேர்ப்பது வழக்கம். கல்வியின் உருவான ஏடு காலில் மிதிபடக் கூடாது, குப்பையில் கிடக்கக் கூடாது என்ற மரியாதைதான் அதற்குக் காரணம். ஆடிப்பெருக்கன்று பழைய சுவடிகளை ஆற்றில் விடுவதும் இந்த எண்ணத்தில் எழுந்ததே.

படியெடுப்பது, பிறகு கழிப்பது என்ற இரண்டும் சேர்ந்து நடந்தவரை இந்த முறையால் கேடு இல்லை. படியெடுக்கும் புலவர்களும் அவர்களை ஆதரித்த குடும்பங்களும் மடங்களும் தளர்ந்தபோது முதல் பாதி நின்றது; இரண்டாம் பாதி மட்டும் தொடர்ந்தது. அதன் விளைவை உ.வே. சாமிநாதையர் (1855–1942) தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். சங்கரன்கோவில் வட்டாரத்தில் உள்ள கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பாண்டிய மரபினர் ஒருவர் விட்டுச்சென்ற சுவடிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு அவர் அங்கே போனார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து அக்கினியில் ஆகுதி செய்யவேண்டும் என்று ஆகமம் சொல்வதாகவும், அதன்படியே செய்து முடித்துவிட்டதாகவும் அங்கே அவருக்குச் சொல்லப்பட்டது. செய்தவர்கள் நூலைப் பகைத்தவர்கள் அல்லர். பழைய விதி ஒன்றைப் பக்தியோடு நிறைவேற்றியவர்கள். விதியின் முன்பாதியான படியெடுப்பை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887இலும் பத்துப்பாட்டை 1889இலும் சிலப்பதிகாரத்தை 1892இலும் புறநானூற்றை 1894இலும் அச்சேற்றியது, இப்படிக் கழிந்தவை போக எஞ்சிய ஏடுகளைத் தேடிப் பிடித்துத்தான்.

அச்சும் சட்டமும்

இந்தியர்கள் தடையின்றி அச்சகம் நடத்த 1835இல் வழி பிறந்தது. அச்சு வந்தபின் ஒரு நூலுக்கு ஒன்று இரண்டு அல்ல, நூற்றுக்கணக்கான படிகள் உண்டாயின. ஒரு படி போனாலும் நூல் போய்விடாது என்ற நிலை முதன்முதலாக ஏற்பட்டது. பள்ளிகள் தங்களுக்கு வேண்டாததைக் கழிக்கலாம் என்பதற்கான அடிப்படை இதுவே. ஆனால் ஒரு படியாவது நிச்சயமாக எங்கோ இருக்கவேண்டும். அதற்கு அரசு ஏற்பாடு தேவைப்பட்டது.

1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டம் அச்சிட்ட ஒவ்வொரு நூலின் படியையும் அரசிடம் ஒப்படைக்கச் சொன்னது. அச்சாவதைக் கண்காணிப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆயினும் அதன் கீழ் வெளியான காலாண்டுப் பட்டியல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு நூல்களை அறிய இன்றும் கைகொடுக்கின்றன. விடுதலைக்குப் பின், 1954ஆம் ஆண்டின் நூல்கள் வழங்கல் சட்டம் இந்தியாவில் வெளியாகும் நூல்கள் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை, மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் வந்து சேர வழி செய்தது. சென்னையில் அந்தப் பொறுப்பு கன்னிமாரா பொது நூலகத்துக்கு உரியது.

கன்னிமாரா நூலகமே ஓரிடத்தில் மிகையான நூல்களிலிருந்து தொடங்கியதுதான். இந்தியாவுக்கு வரும் ஆங்கில அதிகாரிகளைப் பயிற்றிய ஹெய்லிபரி கல்லூரியில் மிகையாகக் கிடந்த நூல்கள் 1860களின் தொடக்கத்தில் சென்னை அரசுக்கு அனுப்பப்பட்டன. அரசு அவற்றை அருங்காட்சியகத்திடம் கொடுத்தது. அருங்காட்சியக வளாகத்தில் வளர்ந்த அந்தத் தொகுப்பின் தொடர்ச்சியாக, 1896 டிசம்பர் 5 அன்று கன்னிமாரா நூலகம் திறக்கப்பட்டது. ஓர் இடத்தில் தேவை முடிந்த நூல் வேறோர் இடத்தில் தேவைப்படலாம் என்பதற்குத் தமிழ்நாட்டின் முதன்மையான பொது நூலகமே சான்று.

அரங்கநாதன் வகுத்த வேறுபாடு

நூலைக் கழிப்பது நூலகத்தின் இயல்பான வேலைகளுள் ஒன்று என்பதைக் கோட்பாடாக நிறுவியவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகளைச் சென்னை நூலகச் சங்கம் 1931இல் நூலாக வெளியிட்டது. நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது முதல் விதி. நூலகம் வளரும் உயிர் என்பது ஐந்தாம் விதி. வளரும் உயிர் புதியதை ஏற்பதோடு பழையதைக் கழிக்கவும் செய்யும் என்று அவர் விளக்கினார்.

முதல் விதியும் நான்காம் விதியும் இதற்குத் துணை நிற்கின்றன. யாரும் தொடாத நூல் பயன்பாட்டுக்கு உரிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது நான்காம் விதி. பயனற்ற முப்பது நூல்களுக்கு நடுவே பயனுள்ள ஒன்றைத் தேட வைப்பது பிள்ளைகளின் நேரத்தை வீணாக்குவதாகும்.

இத்தோடு அவர் இன்னொரு வேறுபாட்டையும் வகுத்தார். அன்றாட வாசகருக்குப் பணியாற்றும் சேவை நூலகம் வேறு. அரிதாகவே தேவைப்படும் நூல்களைப் பின்தலைமுறைக்காக வைத்திருக்கும் சேமிப்பு நூலகம் வேறு. முன்னது தயங்காமல் கழிக்கலாம். பின்னது அவ்வாறு செய்யலாகாது. பள்ளி நூலகம் சேவை நூலகம். ஊருக்கு ஊர் உள்ள பள்ளிகள் எல்லாம் சேமிப்பு நூலகத்தின் வேலையையும் சுமக்க முயன்றால் இரண்டு வேலையும் கெடும். தி.சு. அவிநாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது நிறைவேறிய 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னால் அரங்கநாதனின் உழைப்பு இருந்தது. அது பொது நூலகங்களுக்குச் சட்டத் துணை தந்தது. பள்ளி நூலகம் அதன் எல்லைக்கு வெளியே நின்றது.

பள்ளி அலமாரி

பள்ளி நூலகங்களின் நிலையைச் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு (1952–53) வெளிப்படையாக எழுதியது. நாட்டின் பெரும்பாலான பள்ளிகளில் நூலகம் என்று சொல்லத்தக்கதே இல்லை. இருக்கும் நூல்கள் பழையவை, பொருந்தாதவை, மாணவரின் விருப்பத்தை எண்ணாமல் தேர்ந்தவை. இடம் போதாத, கவர்ச்சியற்ற அறையில் சில அலமாரிகளில் அவை அடைந்து கிடக்கின்றன. பொறுப்பில் இருப்பவர் பெரும்பாலும் எழுத்தரோ ஈடுபாடற்ற ஆசிரியரோ தான் என்பது அக்குழுவின் முடிவு. 1987இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டம் தொடக்கப் பள்ளிகளுக்கு நூல்களையும் தந்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்கவேண்டும் என்று விதித்தது. நூல் வந்து சேர வழிகள் கூடின. வந்தது வெளியே போகும் வழி குறுகியபடியே இருந்தது.

அதற்குக் காரணம் இருப்புப் பதிவேடு. நூல் பள்ளிக்கு வந்ததும் அதற்கு ஒரு சேர்க்கை எண் விழும். தலைப்பும் ஆசிரியரும் விலையும் பதிவேட்டில் ஏறும். பள்ளி முத்திரை முதல் பக்கத்திலும் உள்ளே ஒரு பக்கத்திலும் பதியும். அந்தக் கணம் முதல் அது மேசை நாற்காலி போல அரசுச் சொத்து. தணிக்கைக்கு வருபவர் பதிவேட்டையும் அலமாரியையும் ஒப்பிடுவார். குறைந்தால் பொறுப்பாசிரியர் பதில் சொல்ல வேண்டும். சில வேளை கைப்பணம் கட்ட வேண்டும். கழிப்பதாயின் பட்டியல் எழுதி, ஒவ்வொரு நூலுக்கும் காரணம் குறித்து, குழுவின் பரிந்துரை பெற்று, மேலதிகாரியின் ஆணைக்குக் காத்திருந்து, பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்து, எடைக்குப் போட்ட தொகையைக் கணக்கில் செலுத்த வேண்டும். இத்தனைக்கும் துணியாத ஆசிரியர் பீரோவைப் பூட்டிச் சாவியைத் தலைமையாசிரியர் அறையில் மாட்டிவிடுவார். நூலைக் கொடுத்தால் தொலையும், தொலைந்தால் வினா வரும் என்ற அச்சத்தில் நல்ல நூலும் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போகிறது.

விதிகள் எல்லா இடத்திலும் இவ்வளவு கடுமையானவை அல்ல. மத்திய அரசின் பொது நிதி விதிகள், படிக்க வழங்கும் நூல்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு ஐந்து தொலைவதை இயல்பான இழப்பாக ஏற்கின்றன. நேர்மைக் குறைவோ கவனக் குறைவோ இருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. விலை 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் விசாரணை கட்டாயம். புழங்கும் நூல் தேயும், தொலையும் என்பதை விதி ஒப்புக்கொள்கிறது.

கணக்கு அச்சத்தோடு பழைய மரியாதையும் சேர்ந்துகொண்டது. நூலில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் இருக்கிறது. ஆயுத பூசைக்குப் புத்தகத்தை அடுக்கிச் சந்தனம் வைப்பவர்களுக்கு அதைப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்ப மனம் வருவதில்லை. ஏட்டுக் காலத்தில் கழிக்கத் தூண்டிய அதே மரியாதை அச்சுக் காலத்தில் கழிக்க விடாமல் தடுக்கிறது.

தமிழ் நூல் பழையதாகும் விதம்

நூல் பழையதாவது தாள் பழுப்பேறுவதால் மட்டும் அல்ல. 1957 ஏப்ரல் 1க்கு முன் அச்சான கணக்கு நூலில் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு என்று வாய்பாடு ஓடும். வீசை இன்ன விலை என்றால் மூன்று மணங்குக்கு எவ்வளவு என்று கேட்கும் கணக்கை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இன்று போட்டுப் பார்க்க முடியாது. பதின்ம நாணயமும் மெட்ரிக் அளவையும் வந்ததும் அந்நூல்கள் கற்பிக்கும் நூல் என்ற நிலையிலிருந்து விலகிவிட்டன. அதேவேளை, தாத்தா காலத்துச் சந்தையை அறிய விரும்புவோருக்கு அவையே முதல் ஆதாரமாயின.

புவியியல் இன்னும் விரைவாக மாறியது. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் திருத்தி அமைந்தபோது சென்னை மாநிலத்தில் 13 மாவட்டங்கள் இருந்தன. 1969 ஜனவரி 14 அன்று பெயர் தமிழ்நாடு ஆயிற்று. 2020இல் மயிலாடுதுறை பிரிந்ததும் மாவட்டங்கள் 38 ஆயின. இடையில் 1971இல் வங்கதேசம் பிறந்தது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. 2006இல் புளூட்டோ கோள் பட்டியலிலிருந்து நீங்கியது. இவற்றுக்கு முந்திய நிலப்படமும் வானியல் நூலும் தகவல் நூலாக அலமாரியில் இருந்தால் பிள்ளையைத் தவறாகவே வழிநடத்தும்.

எழுத்தே மாறியது தமிழ் நூலுக்கு நேர்ந்த தனி மாற்றம். பெரியார் 1935இல் குடி அரசு இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்தத்தின் ஒரு பகுதியை, 1978 அக்டோபர் 19 அன்று எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக வெளியிட்டது. ணா, றா, னா; ணை, லை, ளை, னை; ணொ, றொ, னொ; ணோ, றோ, னோ என்ற பதின்மூன்று எழுத்துகள் மாறின. அதற்கு முந்திய நூலில் ‘லை’யும் ‘னை’யும் யானைத் துதிக்கை போல வளைந்த கொம்போடு இருக்கும்; ‘றா’வும் ‘னா’வும் துணைக்கால் தனியே நில்லாமல் எழுத்தோடு சுழித்துச் சேர்ந்திருக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை கதை நூலைத் திறந்து ‘யானை’ என்ற சொல்லிலேயே தடுக்கி நிற்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதினருக்கு உரிய அலமாரியில் அந்நூல்களுக்கு இடம் இல்லை. மேல்நிலை மாணவருக்கோ சற்றே பழகினால் அவ்வடிவம் எளிதில் பிடிபடும். பழகியவர்க்கு நூறாண்டுத் தமிழ் அச்சு முழுவதும் திறக்கும்.

அளவுகோல்கள்

எதைக் கழிப்பது என்பதற்குச் சிறு நூலகங்களுக்கு ஏற்ற அளவுகோலை அமெரிக்காவின் டெக்சஸ் மாநில நூலகத்துக்காக ஜோசப் சீகல் 1976இல் வகுத்தார். அது பின்னர் பள்ளி நூலகங்களுக்கும் பரவியது. தவறான தகவல் தருவது, கந்தலாகிப் படிக்க ஒவ்வாதது, புதிய பதிப்பு வந்துவிட்டது, சாரமற்றது, அந்த நூலகத்தின் வாசகருக்குப் பொருந்தாதது, வேறிடத்தில் எளிதாகக் கிடைப்பது என்ற ஆறு குறைகளை அது பார்க்கச் சொல்கிறது. பாடத்துக்குப் பாடம் காலக்கெடுவும் வேறு. மருத்துவ நூலுக்கு அது 5/3 என்று குறிக்கிறது. வெளியாகி ஐந்து ஆண்டு கடந்திருந்தாலோ மூன்று ஆண்டாக யாரும் எடுக்காதிருந்தாலோ அந்த நூலைக் கையில் எடுத்து ஆராய வேண்டும் என்று பொருள். கதைக்கும் கவிதைக்கும் இத்தகைய ஆண்டுக் கணக்கு பொருந்தாது. அங்கே பிள்ளைகள் எடுக்கிறார்களா என்பதே கேள்வி.

தமிழ்நாட்டுப் பள்ளி அலமாரிகளில் இந்த அளவுகோலால் மட்டும் தீராத நூல்கள் சில உண்டு. முதலாவது, தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம். அந்தக் கழகத்தைத் தோற்றுவித்தவரும் அவிநாசிலிங்கம் செட்டியாரே. அணுவியலும் மக்கள்தொகைக் கணக்கும் அதில் காலம் கடந்தவை. தமிழ் இலக்கியம், கலை, தாவரம் பற்றிய கட்டுரைகளில் பல இன்றும் பயன்படுகின்றன. அறிவியலைத் தமிழில் சொல்லச் சொற்கள் உருவான விதமும் அதில் தெரிகிறது. மாணவர் விடை தேடும் அலமாரியில் அதை வைக்க முடியாது. ஆனால் எடைக்குப் போடுவது பெருந்தவறு.

இரண்டாவது, பெ.நா. அப்புஸ்வாமி (1891–1986) போன்றோரின் அறிவியல் கட்டுரை நூல்கள். அவற்றின் தகவல்களை அறிவியல் தாண்டிச் சென்றுவிட்டது. கடினமான பொருளைத் தெளிந்த தமிழில் சொல்லும் முறைக்கு அவை இன்றும் பாடம். இவற்றை அறிவியல் பிரிவிலிருந்து எடுத்துத் தமிழ் உரைநடைப் பிரிவில் வைத்தால் சிக்கல் தீரும். கழிப்பதற்கும் வைப்பதற்கும் நடுவே இடம் மாற்றுதல் என்ற மூன்றாவது வழியும் உண்டு.

மூன்றாவது, மாஸ்கோவில் அச்சாகி நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியே மலிவு விலையில் வந்த சோவியத் நூல்கள். ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் முதலியோர் மொழிபெயர்த்த அந்நூல்களின் வரவு 1991க்குப் பின் நின்றது. அவற்றின் அரசியல் நூல்கள் பள்ளிக்குப் பொருந்தாமல் போயின. சிறுவர் கதைகளும் இயற்பியல், கணித நூல்களும் அப்படி ஆகவில்லை. ஒரே அட்டவணையில் எல்லாவற்றையும் சேர்த்துக் கழித்த இடங்களில் நல்லவையும் சேர்ந்தே போயின. நூலைப் பிரித்துப் பார்க்காமல் பதிப்பகத்தையோ ஆண்டையோ மட்டும் பார்ப்பதால் வரும் இழப்பு இது.

ஆண்டை மட்டும் பார்ப்பதன் விளைவைக் கனடா 2023இல் கண்டது. ஒன்டாரியோ மாநிலத்தில் பீல் மாவட்டப் பள்ளி வாரியம், 2008க்கும் அதற்கு முன்பும் வெளியான நூல்களில் கவனம் செலுத்தி ஆராயும்படி பள்ளிகளுக்கு வழிகாட்டியது. சில பள்ளிகளில் அது ஆராய்வதாக இல்லாமல் அப்புறப்படுத்துவதாகவே முடிந்தது. பாதி காலியான அலமாரிகளைக் கண்ட மாணவரும் பெற்றோரும் குரல் எழுப்பினர். மாநிலக் கல்வி அமைச்சர் அந்தச் செப்டம்பரில் பணியை நிறுத்தச் சொன்னார். ஆண்டு ஒரு நூலைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லும் குறிப்பு மட்டுமே. முடிவு சொல்ல அதற்குத் தகுதி இல்லை.

காக்கும் இடங்கள்

பள்ளியும் வீடும் கழித்தவற்றில் பெரும்பகுதி காகித ஆலைக்குப் போனது. இடையில் மறித்துக் காத்தவர்கள் சிலர். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் கலைஞராக இருந்த ரோஜா முத்தையா, 1950கள் முதல் பழைய நூல்களையும் இதழ்களையும் துண்டு வெளியீடுகளையும் தேடித் தேடிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கி, தமிழ்நாட்டிலேயே இருக்கும்படி சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக அமைத்தது. பிறர் வேண்டாம் என்றவற்றிலிருந்து தமிழ் அச்சு வரலாறு எழுதுவோர்க்கு இன்றியமையாத ஓர் இடம் உண்டானது.

ஓரிடத்தில் காப்பதும் போதாது என்பதை யாழ்ப்பாணம் கற்பித்தது. 1981 ஜூன் தொடக்கத்தில் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் இல்லாதவை அதோடு முடிந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் தனியாரிடமும் நிறுவனங்களிடமும் உள்ள ஈழத்து நூல்களையும் பள்ளி மலர்களையும் இதழ்களையும் மின்வருடி இணையத்தில் வைத்துவருகிறது. தமிழ்நாட்டில் தமிழ் இணையக் கல்விக்கழகம் கலைக்களஞ்சியம் உட்படப் பல நூல்களை அவ்வாறே தந்திருக்கிறது. படியெடுத்த பிறகே பழையதைக் கழிப்பது என்ற ஏட்டுக்கால விதியின் மறந்துபோன முன்பாதி இப்படி மீண்டிருக்கிறது.

இதனால் பள்ளி நூலகத்தின் வேலை எளிதாகிறது. தவறான தகவல் தரும் நூலையும் கந்தலான நூலையும் பழைய பதிப்பையும் அது ஆண்டுதோறும் கழிக்கலாம். ஐயத்துக்குரிய நூலைக் கன்னிமாராப் பட்டியலிலும் மின்னூலகங்களிலும் தேடிப் பார்த்து, எங்கும் இல்லையெனில் மாவட்ட மைய நூலகத்துக்கோ ஆராய்ச்சி நூலகத்துக்கோ அனுப்பலாம். அப்பள்ளியிலேயே பிறந்த ஆண்டு மலர், நூற்றாண்டு மலர், ஊர் வரலாறு ஆகியவற்றுக்கு வேறு இடம் பெரும்பாலும் இராது. அவற்றை எக்காலத்திலும் கழிக்கலாகாது. கழிக்கும் ஆசிரியருக்குத் தணிக்கையில் துணை நிற்கும் தெளிவான ஆணையும், கழித்த இடத்தை நிரப்பப் புதிய நூலுக்கான தொகையும் அரசின் பொறுப்பு. இவ்விரண்டும் இல்லாத வரையில் பூட்டுதான் தொடரும். பூட்டிய அலமாரியில் இருக்கும் நூல் காக்கப்பட்டதும் ஆகாது, படிக்கப்பட்டதும் ஆகாது.